வெந்நீரும் நெகிழியும்: உருகுவதற்கு முன்பே நிகழ்வது என்ன?

நோயாளருக்கு வெந்நீர் கொடுக்கலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டுச் செல்கிறார். உடனிருப்பவர் கைக்கு எட்டுவது, காலையில் கடையில் வாங்கிக் குடித்து முடித்த தண்ணீர் பாட்டில். வெந்நீர்க் குழாயின் கீழ் அதைப் பிடிக்கிறார். பாட்டிலின் நடுப்பகுதி சுருங்குகிறது, அடிப்பகுதி கோணுகிறது. உடையவில்லையே என்ற நிம்மதியோடு மூடியைத் திருகிக்கொண்டு படுக்கையருகே திரும்புகிறார். எங்கள் வார்டுகளில் இக்காட்சியை நாள்தோறும் காண்கிறோம். காகிதக் குவளையில் கொதிக்கும் தேநீர், பாலித்தீன் உறையில் ஆவி பறக்கும் சாம்பார், பால்புட்டியில் நேராக ஊற்றப்படும் வெந்நீர் ஆகியனவும் அன்றாடக் காட்சிகளே.

"சூடான பொருளை பிளாஸ்டிக்கில் வைக்கலாமா?" என்று கேட்போருக்கு இருவகை விடைகள் கிடைக்கின்றன. ஒரு தரப்பினர், ஒன்றும் ஆகாது என்பர். மறு தரப்பினர், நஞ்சு என்று அஞ்சவைப்பர். இரண்டும் நோயாளருக்கு உதவுவதில்லை. நெகிழி எனப்படும் பிளாஸ்டிக் சூட்டில் எவ்வாறு மாறுகிறது என்பதை அறிவியலாளர் பல பத்தாண்டுகளாக அளந்து வந்துள்ளனர். அவர்கள் கண்டவற்றுள் நோயாளர்க்கும் குடும்பத்தார்க்கும் பயன்படுவனவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

சூடு செய்யும் மூன்று வேலைகள்

நெகிழி என்பது ஒரே பொருளன்று. பல பொருள்களின் பொதுப்பெயர். ஆயினும் அவை அனைத்துக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று கோக்கப்பட்ட நீண்ட சங்கிலிகளால் அவை ஆனவை. பூக்காரர் தொடுத்த மல்லிகைச் சரத்தை மனத்தில் கொள்ளலாம். இத்தகைய நெடுஞ்சங்கிலிகள் உண்டு என்பதை 1920ஆம் ஆண்டில் எடுத்துரைத்தவர் ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்மன் ஸ்டாடிங்கர். அன்று பலர் ஏற்க மறுத்த அக்கருத்துக்காக 1953இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இச்சங்கிலிகள் மீது சூடு மூன்று வேலைகளைச் செய்கிறது. அவற்றை இளக்கம், கசிவு, முறிவு என நாம் பெயரிட்டுக்கொள்ளலாம்.

இளக்கம் என்பது சங்கிலிகள் அசையத் தொடங்குவது. தண்ணீர் பாட்டில் பெட் என்னும் நெகிழியால் ஆனது. அது சுமார் 250 டிகிரி செல்சியஸில்தான் உருகும். ஆனால் 75 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கிவிடும். பாட்டிலை ஊதி உருவாக்கும்போது அதன் சங்கிலிகள் இழுத்து நீட்டப்பட்டு, அந்நிலையிலேயே குளிர்ந்து உறைகின்றன. வெந்நீர் பட்டதும் அவை மீண்டும் சுருண்டுகொள்ள முயல்கின்றன. பாட்டில் சுருங்குவதன் காரணம் இதுவே. இதில் சங்கிலி எதுவும் அறுபடவில்லை. எனினும் அச்சுருக்கம் ஓர் எச்சரிக்கை: இப்பாட்டில் தாங்குவதற்கென்று செய்யப்பட்ட சூட்டைக் கடந்துவிட்டோம் என்பதை அது கண்முன்னே காட்டுகிறது.

கசிவு என்பது நெகிழிக்குள் இருக்கும் சிறு மூலக்கூறுகள் வெளியேறுவது. எந்த நெகிழிப் பொருளும் வெறும் சங்கிலிகளால் மட்டும் ஆவதில்லை. மென்மைக்கு ஒன்று, நிறத்துக்கு ஒன்று, சூட்டைத் தாங்குவதற்கு ஒன்று எனச் சேர்மானங்கள் உண்டு. உற்பத்தியின்போது வினைபுரியாமல் எஞ்சிய மூலப்பொருளும் உண்டு. குளிர்ந்த நிலையில் இவை சங்கிலிகளுக்கு இடையே சிக்கிக் கிடக்கின்றன. சூடேறிச் சங்கிலிகள் அசையும்போது இவற்றுக்கு வழி திறக்கிறது. இச்சேர்மானங்களுள் பல, நீரைவிட எண்ணெயில் எளிதாகக் கரைபவை. ஆகவே சூட்டோடு எண்ணெய்ப் பசையும் சேர்ந்த உணவில் கசிவு மிகுகிறது.

முறிவு என்பது சங்கிலியே அறுபடுவது. ஒவ்வொரு நெகிழியும் தனக்கே உரிய வகையில் முறிகிறது. பைகளுக்குப் பயன்படும் பாலிஎத்திலீனும் பால்புட்டி, உணவுப் பெட்டி ஆகியவற்றுக்குப் பயன்படும் பாலிபுரொப்பிலீனும் சரம் ஆங்காங்கே அறுவதுபோல் கண்ட இடத்தில் அறுபடுகின்றன. பி.வி.சி. எனப்படும் பாலிவினைல் குளோரைடு வேறு விதம். அதன் சங்கிலி அப்படியே இருக்க, பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் குளோரின் அணுக்கள் ஹைட்ரஜனோடு சேர்ந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக ஒன்றன்பின் ஒன்றாகக் கழல்கின்றன. பழைய பி.வி.சி. பொருள் மஞ்சளாகிப் பின்பு பழுப்பேறுவது இதன் அடையாளம். நிலைப்படுத்தும் பொருள் சேர்க்காத பி.வி.சி. சுமார் 100 டிகிரியிலேயே இவ்வாறு மெல்லச் சிதையத் தொடங்கிவிடும்.

தராசில் தொங்கிய துணுக்கு

இம்முறிவை எவ்வாறு அளந்தனர்? வழி எளியது. நெகிழியின் சிறு துணுக்கை நுண்தராசில் வைத்து, சுற்றிலும் சூட்டைப் படிப்படியாக உயர்த்தி, எடை எப்போது குறைகிறது என்று பார்ப்பது. அமெரிக்காவின் தேசியத் தரநிலைச் செயலகத்தில் சாமுவேல் மடோர்ஸ்கி இத்தகைய ஆய்வுகளை நெடுங்காலம் நடத்தி, 1964இல் அவற்றை நூலாக வெளியிட்டார். காற்று இல்லாத இடத்தில் பாலிஎத்திலீன் போன்றவை சிதைவதற்கு சுமார் 300 டிகிரிக்கும் மேற்பட்ட சூடு தேவைப்படுகிறது.

அப்படியானால் 100 டிகிரியைத் தாண்டாத நம் சமையலறை வெந்நீரால் என்ன ஆகிவிடும் என்று கேட்கத் தோன்றும். விடை, நாம் சுவாசிக்கும் காற்றில் இருக்கிறது. உயிர்வளி உடனிருக்கும்போது, மிகக் குறைந்த சூட்டிலேயே சங்கிலிகள் சிறுகச்சிறுக அறுபடுகின்றன. ஓர் இடத்தில் தொடங்கும் பழுது அடுத்த இடத்துக்குப் பரவுகிறது. மொட்டைமாடியில் ஈராண்டு கிடந்த வாளி ஒருநாள் கைப்பிடியோடு பிய்ந்து வருவது இவ்வகைச் சிதைவால்தான். அங்கே வெயிலின் புறஊதாக் கதிரும் சேர்ந்துகொள்கிறது. இதைத் தடுக்கவே ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களை நெகிழியில் கலக்கின்றனர். தடுப்பான் தீரத்தீர நெகிழி முதுமை அடைகிறது.

எனவே உருகுநிலை மட்டும் போதிய அளவுகோல் ஆகாது. சாதாரண பாலித்தீன் பை சுமார் 110 டிகிரியில்தான் உருகும். கொதிக்கும் சாம்பார் அதைத் தொடுவதில்லை. எண்ணெய்ச் சட்டியிலிருந்து அப்போதே எடுத்த வடையோ அதையும் தாண்டிய சூட்டில் இருக்கும். பையில் ஓட்டை விழுவதைப் பலரும் பார்த்திருப்பர். ஓட்டை விழாத பையிலும் இளக்கமும் கசிவும் நிகழ்ந்துகொண்டுதான் இருக்கின்றன.

ஆய்வகக் குடுவை தந்த பாடம்

கண்ணுக்குத் தெரியாத கசிவை உலகம் உணர்ந்ததில் ஒரு தற்செயல் நிகழ்ச்சிக்குப் பங்கு உண்டு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அருணா கிருஷ்ணன், டேவிட் ஃபெல்ட்மன் ஆகியோர் அடங்கிய குழு ஈஸ்ட் நுண்ணுயிரை ஆராய்ந்து வந்தது. பெண்மை இயக்குநீரான ஈஸ்ட்ரோஜனைப்போல் செயல்படும் ஒரு பொருள் வளர்ப்பு ஊடகத்தில் தென்பட்டது. அதை ஈஸ்ட்தான் சுரக்கிறது என்று முதலில் எண்ணினர். தொடர்ந்து ஆராய்ந்தபோது உண்மை வேறாக இருந்தது. ஊடகத்தைக் கிருமிநீக்கம் செய்த குடுவைகள் பாலிகார்பனேட் என்னும் கடின நெகிழியால் ஆனவை. அழுத்த நீராவிக் கருவியில் அவற்றைச் சூடாக்கியபோது, பிஸ்ஃபீனால்-ஏ என்னும் மூலப்பொருள் நீரில் இறங்கியிருந்தது. 1993இல் இம்முடிவை வெளியிட்டனர்.

மருத்துவமனையில் பணியாற்றும் எங்களுக்கு இந்நிகழ்ச்சி நெருக்கமானது. கத்தரி, பஞ்சு, துணி ஆகியவற்றைக் கிருமியற்றதாக்க நாங்களும் அத்தகைய நீராவிக் கருவியையே நம்புகிறோம். கிருமியைக் கொல்லும் அதே சூடு, பொருந்தாத கலனிலிருந்து வேறொன்றை வெளியே கொண்டுவரக்கூடும் என்பதே அக்குடுவை தந்த பாடம்.

பின்னர் 2008இல் சின்சினாட்டி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாலிகார்பனேட் குடிநீர் பாட்டில்களைச் சோதித்தனர். கொதிநீரை ஊற்றியபோது பிஸ்ஃபீனால்-ஏ கசியும் வேகம் 15 முதல் 55 மடங்கு வரை உயர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் பால்புட்டிகளில் இப்பொருளைத் தடை செய்தது; அமெரிக்கா 2012இல் அதன் அனுமதியை விலக்கியது. இவ்வாறு பாலிகார்பனேட் விலகிய இடத்தைப் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் நிரப்பியது. அதன் கதையைச் சற்றுப் பின்னர் காண்போம்.

எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம்

1889இல் சுவீடன் நாட்டு அறிவியலாளர் சுவான்டே அரேனியஸ், சூடு ஏற ஏற வேதிவினையின் வேகம் எவ்வாறு ஏறுகிறது என்பதற்கு ஒரு சமன்பாட்டை அளித்தார். அதிலிருந்து பிறந்த தோராயக் கணக்கு ஒன்று உண்டு: ஒவ்வொரு 10 டிகிரிக்கும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும்.

சில வினைகளில் ஏற்றம் இதைவிடவும் செங்குத்தானது. பெட் பாட்டில் தயாரிப்பில் ஆன்டிமனி என்னும் தனிமத்தின் சேர்மம் வினையூக்கியாகப் பயன்படுகிறது. அதன் எச்சம் பாட்டிலின் சுவரில் தங்கிவிடும். கோடையில் கொளுத்தும் அரிசோனா மாநிலத்தில், அங்குள்ள பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அடைத்த நீரில் இந்த ஆன்டிமனி எவ்வளவு சேர்கிறது என்று ஆராய்ந்து 2008இல் வெளியிட்டனர். சாதாரண வெப்பநிலையில் அளவு மிகக் குறைவாகவே இருந்தது. சூட்டை உயர்த்தியபோது, அமெரிக்கக் குடிநீர் வரம்பான 100 கோடியில் 6 பங்கு என்னும் அளவைத் தாண்ட, 60 டிகிரியில் 176 நாட்கள் ஆயின. 70 டிகிரியில் 12 நாட்களே போதுமாயின. 80 டிகிரியில் இரண்டேகால் நாட்களில் வரம்பு கடந்தது.

இவ்வெண்களிலிருந்து இரண்டு செய்திகளை எடுத்துக்கொள்ளலாம். ஒருமுறை அவசரத்துக்கு இத்தகைய பாட்டிலில் வெந்நீர் குடித்துவிட்டோமே என்று எவரும் கலங்க வேண்டியதில்லை. சில நிமிடங்களில் அந்த வரம்பு கடக்கப்படுவதில்லை. அதே வேளையில், வெயிலில் நிறுத்திய காருக்குள் வாரக்கணக்கில் கிடக்கும் தண்ணீர் பாட்டிலையும், ஒரே பாட்டிலில் நாள்தோறும் வெந்நீர் நிரப்பும் பழக்கத்தையும் நாம் கைவிடுவது நல்லது. சூடு, நேரம் என்னும் இரண்டில் ஒன்றைக் குறைத்தாலும் கசிவு குறையும். இரண்டையும் குறைப்பது நம் கையில்தான் உள்ளது.

காகிதக் குவளைக்குள் இருக்கும் நெகிழி

"நாங்கள் காகிதக் குவளையில்தானே குடிக்கிறோம்" என்பர் சிலர். வெறுங்காகிதம் தேநீரைத் தாங்காது; ஊறிக் கரைந்துவிடும். அதனால் குவளையின் உட்புறம் மெல்லிய நெகிழிப் படலம், பெரும்பாலும் பாலிஎத்திலீன், பூசப்படுகிறது. ஐ.ஐ.டி. கரக்பூர் ஆய்வாளர்கள் இத்தகைய குவளைகளில் 85 முதல் 90 டிகிரி வரை சூடுள்ள நீரை 15 நிமிடங்கள் வைத்துச் சோதித்தனர். 100 மில்லிலிட்டர் நீரில் சுமார் 25,000 நுண்நெகிழித் துகள்கள் சேர்ந்திருந்தன. நாளொன்றுக்கு மூன்று குவளை அருந்துபவர் வயிற்றில் ஏறத்தாழ 75,000 துகள்கள் சேரும் என்பது அக்கணக்கின் பொருள்.

பதினைந்து நிமிடம் என்பது நாம் இயல்பாகத் தேநீர் அருந்தும் நேரம். உடனிருப்போர் நோயாளரின் படுக்கையருகே பேசிக்கொண்டே மெல்ல அருந்துவதும் அவ்வளவு நேரந்தான். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட 14 வகைப் பொருள்களில் நெகிழி பூசிய காகிதக் குவளையும், தெர்மோகோல் குவளையும், உணவு பொதியும் நெகிழித் தாளும் அடங்கும். அத்தடை குப்பையைக் குறைக்கப் பிறந்தது. நம் வயிற்றுக்கும் அது நன்மையே. வீட்டிலிருந்து ஓர் எவர்சில்வர் தம்ளர் எடுத்து வந்தால் போதும்.

பச்சிளங்குழந்தையின் பால்

எங்கள் மகப்பேறு வார்டில் இருக்கும் தாய்மார்கள் இப்பகுதியைப் பொறுமையோடு முழுமையாகப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். பாதி படித்து நிறுத்துவது குழந்தைக்குத் தீங்காகலாம்.

அயர்லாந்தின் டப்ளின் நகரிலுள்ள டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2020இல் பாலிபுரொப்பிலீன் பால்புட்டிகளைச் சோதித்தனர். உலக நலவாழ்வு அமைப்பு பரிந்துரைக்கும் முறையிலேயே புட்டியைக் கிருமிநீக்கம் செய்து, 70 டிகிரி நீர் ஊற்றிக் குலுக்கினர். ஒரு லிட்டருக்கு 1 கோடியே 62 லட்சம் வரை நுண்நெகிழித் துகள்கள் காணப்பட்டன. நீரின் சூட்டை 25 டிகிரியிலிருந்து 95 டிகிரிக்கு உயர்த்தியபோது, துகள்கள் 6 லட்சத்திலிருந்து 5 கோடியே 50 லட்சமாகப் பெருகின.

இதைப் படித்தவுடன், இனி புட்டியைக் கொதிக்கவைக்க வேண்டாம், பால்மாவை ஆறிய நீரிலேயே கலக்கலாம் என்று முடிவு செய்துவிடக் கூடாது. 70 டிகிரி நீர் என்ற விதிக்கு வலுவான காரணம் உண்டு. பால்மா கிருமியற்ற பொருளன்று. அதில் க்ரோனோபாக்டர் போன்ற கிருமிகள் இருக்கக்கூடும். பச்சிளங்குழந்தைக்கு, குறிப்பாகக் குறைமாதக் குழந்தைக்கு, அவை உயிருக்கே ஆபத்தான மூளைச்சவ்வுக் காய்ச்சலை உண்டாக்கும். துகளுக்கு அஞ்சிக் கிருமிக்கு வழிவிடலாகாது. கிருமியைக் கொல்லும் சூடு வேண்டும். அச்சூடு நெகிழியின் மீது படாமல் இருக்க வேண்டும். இரண்டையும் ஒருசேரச் செய்ய வழி உண்டு. டப்ளின் ஆய்வாளர்களே பரிந்துரைத்த அவ்வழி இதோ.

புட்டியை வழக்கம்போல் கிருமிநீக்கம் செய்து ஆறவிடுங்கள். எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் கொதிக்கவைத்து ஆறவைத்த நீரால் அதை மும்முறை அலசுங்கள். பால்மாவை 70 டிகிரிக்குக் குறையாத சூடுள்ள நீரில், கிருமிநீக்கம் செய்த எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரத்திலேயே கலக்குங்கள். பால் ஆறிய பிறகு புட்டிக்கு மாற்றுங்கள். புட்டியில் வைத்தபடி மீண்டும் சூடாக்க வேண்டாம். மைக்ரோவேவ் அடுப்பில் ஒருபோதும் வைக்க வேண்டாம்.

இதைவிட எளிய வழி நம் வீடுகளிலேயே இருக்கிறது. நம் பாட்டிமார் கையாண்ட பாலாடை இன்றும் பச்சிளங்குழந்தை சிகிச்சைப் பிரிவுகளில் பயன்படுகிறது. எவர்சில்வர் பாலாடையைக் கொதிக்கவைத்துக் கழுவுவது எளிது. அதில் நெகிழிக்கு இடமே இல்லை. எல்லாவற்றிலும் மேலானது தாய்ப்பால். அதற்குச் சூடும் வேண்டாம், கலனும் வேண்டாம். தாய்ப்பால் கொடுப்பதில் இடர்ப்பாடு இருந்தால் செவிலியரிடம் தயங்காமல் கேளுங்கள்.

தீங்கு எவ்வளவு?

துகள் சேர்கிறது, கசிவு நிகழ்கிறது என்பன அளந்து அறிந்தவை. அவற்றால் உடலுக்கு விளையும் தீங்கின் அளவு இன்னும் ஆராயப்பட்டு வருகிறது. குடிநீரிலுள்ள நுண்நெகிழியைப் பற்றி 2019இல் அறிக்கை வெளியிட்ட உலக நலவாழ்வு அமைப்பு, அன்றைய அளவில் அதனால் உடல்நலத்துக்கு ஊறு விளைவதாகத் தெரியவில்லை என்றும், மேலும் ஆய்வு தேவை என்றும் கூறியது. 2024இல் இத்தாலிய மருத்துவர்கள், கழுத்துத் தமனி அடைப்புக்கு அறுவை செய்துகொண்ட 257 பேரைத் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட ஆய்வில், 150 பேரின் அடைப்புப் படிவில் பாலிஎத்திலீன் இருந்ததாகத் தெரிவித்தனர். படிவில் நெகிழித் துகள் இருந்தோர்க்கு மாரடைப்பு, பக்கவாதம், இறப்பு ஆகியவை நேரும் வாய்ப்பு ஏனையோரைவிட நான்கு மடங்குக்கும் மேலாக இருந்தது. இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, துகள்தான் காரணம் என்று மெய்ப்பிக்கவில்லை என்பதையும் அவர்களே குறிப்பிட்டனர்.

பிஸ்ஃபீனால்-ஏ குறித்த மதிப்பீடு கடுமையாகிக்கொண்டே வருகிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், ஒருவர் நாள்தோறும் உட்கொள்ளத்தக்க அளவை 2023இல் முன்னைய வரம்பில் 20,000இல் ஒரு பங்காகக் குறைத்தது. அறிவு வளர வளர வரம்பு இறங்குகிறது. எனவே அச்சம் வேண்டாம். ஆனால் செலவும் சிரமமும் இல்லாத முன்னெச்சரிக்கையைத் தள்ளிப்போடவும் வேண்டாம். இதுவே எங்கள் நிலைப்பாடு.

மருத்துவமனை நெகிழிகள்

"உங்கள் ஊசியும் குழாயும் நெகிழிதானே?" என்ற வினா நியாயமானது. ஆம், ஒருமுறை பயன்படுத்தும் நெகிழி ஊசிக்குழல் வந்தபின்தான், ஊசி வழியே ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்று பரவுவதைத் தடுப்பது எளிதாயிற்று. இப்பொருள்களுட் பல சூட்டைத் தாங்கா என்பதால், அவற்றை எத்திலீன் ஆக்சைடு வாயுவாலோ காமாக் கதிராலோ கிருமியற்றதாக்குகின்றனர். உறையில் அச்சிட்டுள்ள காலாவதித் தேதிக்கும் மேலே கண்ட இரட்டிப்புக் கணக்கே துணை செய்கிறது. உறையிட்ட பொருளை 55 டிகிரி சூட்டில் சுமார் 46 நாட்கள் வைத்துச் சோதித்தால், 25 டிகிரியில் ஓராண்டு முதுமையை அது அடைந்ததாகக் கொள்கின்றனர். 30 டிகிரி கூடுதலுக்கு வேகம் எட்டு மடங்கு என்பதே இக்கணக்கு.

இதிலிருந்து வீட்டில் நோயாளரைப் பேணுவோர் அறிய வேண்டியது: சூடான இடத்தில் வைத்த பொருளுக்கு அத்தேதி பொருந்தாது. ஊசிக்குழல், குளுக்கோஸ் பாட்டில், சிறுநீர் சேகரிக்கும் பை முதலியவற்றை வெயில் படும் சன்னலோரத்திலோ அடுப்பருகிலோ வைக்காதீர்கள். ஒருமுறைக்கென்று தந்த பொருளைக் கொதிக்கவைத்து மறுமுறை பயன்படுத்தாதீர்கள். அது உருக்குலையும், கிருமியும் முற்றிலும் நீங்காது. மூக்குவழிக் குழாயில் உணவு செலுத்துவோர், கஞ்சியை வெதுவெதுப்பாக ஆற்றிய பின்னரே செலுத்துங்கள். இது குழாயைக் காட்டிலும் நோயாளரின் இரைப்பைக்கே முதன்மையாகத் தேவை. வயிற்றுவழி டயாலிசிஸ் செய்வோர், திரவப் பையைப் பயிற்சியில் கற்ற முறையில் மட்டுமே சூடேற்றுங்கள்.

பயன்படுத்திய குழாய்களையும் பைகளையும் வீட்டு வாசலில் எரிக்கவே கூடாது. அவற்றுட் பல பி.வி.சி.யால் ஆனவை. எரியும்போது வெளிவரும் ஹைட்ரஜன் குளோரைடு, மூச்சுக்குழாயின் ஈரத்தில் கரைந்து அமிலமாகிறது. டையாக்சின் என்னும் நச்சுப் பொருள்களும் உருவாகின்றன. ஆஸ்துமா நோயாளர் உள்ள வீட்டில் இப்புகை பெருங்கேடு. குளோரின் கலந்த நெகிழியை எரிக்கலாகாது என்று 2016ஆம் ஆண்டின் உயிரிமருத்துவக் கழிவு விதிகளும் கூறுகின்றன. இத்தகைய கழிவை எவ்வாறு அப்புறப்படுத்துவது என்பதை வீடு திரும்பும் நாளில் செவிலியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கலனைத் தெரிந்துகொள்ள

நெகிழிப் பொருள்களின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 1 என்பது பெட். தண்ணீர் பாட்டில் இவ்வகை. 2, 4 பாலிஎத்திலீன். 3 பி.வி.சி. 5 பாலிபுரொப்பிலீன். 6 பாலிஸ்டைரீன், தெர்மோகோல் இவ்வகை. 7 ஏனையவை; பாலிகார்பனேட் இதில் அடங்கும். இவற்றுள் வெந்நீரின் சூட்டை உருக்குலையாமல் நன்கு தாங்குவது 5ஆம் எண். அதுவும் துகளை உதிர்க்கிறது என்பதைப் பால்புட்டி ஆய்வில் கண்டோம். ஆகவே எந்த எண்ணாயினும், ஆறிய உணவுக்கும் குளிர்ந்த நீருக்கும் மட்டும் நெகிழி என்று வைத்துக்கொள்வது நினைவில் நிற்க எளிது. கீறல் விழுந்ததும் நிறம் மங்கியதுமான நெகிழிக் கலனை உணவுக்குப் பயன்படுத்த வேண்டாம்.

மருத்துவமனையில் தங்க வரும்போது ஓர் எவர்சில்வர் தம்ளர், ஒரு தூக்கு, உட்புறம் எவர்சில்வரால் ஆன ஃபிளாஸ்க் ஆகிய மூன்றையும் பையில் எடுத்து வையுங்கள். உணவகத்தில் வாங்க நேர்ந்தால் சாம்பாரைத் தூக்கிலேயே ஊற்றித் தரச் சொல்லுங்கள். பொட்டலத்தில்தான் கிடைத்தது எனில், வந்தவுடன் பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். நேரத்தைக் குறைப்பதும் பயன் தரும் என்பதை மேலே பார்த்தோம். தம்ளரோ தூக்கோ கொண்டுவர மறந்துவிட்டால், சுருங்கிய பாட்டிலோடு அலைய வேண்டாம். எங்கள் வார்டுச் செவிலியரிடம் கேளுங்கள், இயன்ற உதவியைச் செய்வோம்.